ஆள் வராத நேரத்தில் எடுத்த படம்

சித்தி பையன் ஒருவன் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அவன் கைபேசியைத் தொட்டால் முதலில் தெரிவது ஒரு கான்கிரீட் பூ. தட்டையான புல்வெளி. சாம்பல் நிற வானம். நடுவில் தரையிலிருந்து எழும்பி, விரிந்து, தன்மேலேயே வளைந்துகொள்ளும் இதழ்கள். சுற்றிலும் ஒரு ஈ காக்கை இல்லை.

“இது என்னடா?” என்றேன்.

“ஸ்போமெனிக்ணா. யூகோஸ்லாவியா. செம்மையா இருக்குல்ல? ஏலியன் வந்து இறக்கிட்டுப் போன மாதிரி.”

“எந்த ஊர்ல இருக்கு?”

“ஊரெல்லாம் தெரியல. ஏதோ நம்பர் போட்டிருந்தாங்க.”

எனக்கு அந்த ஊர் தெரியும். அப்போது சொல்லவில்லை. காபி ஆறிக்கொண்டிருந்தது, சித்தி வேறு பக்கத்தில் இருந்தார், நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன். ஆனால் சொல்லாமல் விட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. அழகாக இருக்கிறது என்று ஒருவன் காட்டும் படத்தின் அடியில் எத்தனை பேர் கிடக்கிறார்கள் என்று சொல்வது விமர்சனமா, இல்லை வெறும் துஷ்டத்தனமா? இந்தக் கட்டுரை அந்த உறுத்தலிலிருந்து வந்தது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அங்கே போனதில்லை. நானும் படங்களைப் பார்த்தவன்தான்.

*

அந்தப் பூவைப் போன்ற நினைவுச்சின்னங்களை உலகத்துக்குப் பரவலாகக் காட்டியவர் யான் கெம்பெனேர்ஸ் என்ற பெல்ஜியப் புகைப்படக்கலைஞர். 2006-க்கும் 2009-க்கும் இடையில், 1975-ஆம் ஆண்டின் பழைய வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, உடைந்துபோன யூகோஸ்லாவியாவின் மலைகளிலும் காடுகளிலும் அலைந்தார். குரோஷியா, செர்பியா, பொஸ்னியா, மாசிடோனியா என்று இப்போது தனித்தனி நாடுகளாகிவிட்ட நிலம் அது. தேடியவை எல்லாம் 1960-களிலும் 70-களிலும் எழுப்பப்பட்ட போர் நினைவுச்சின்னங்கள். 2010-இல் ‘ஸ்போமெனிக்’ என்ற பெயரில் நூலாக வந்தது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண், அடைப்புக்குறிக்குள் ஊர்ப்பெயர். அவ்வளவுதான் தலைப்பு.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. இணையத்தில் யாரோ அந்தப் படங்களைப் பட்டியலாக்கினார்கள். ‘கைவிடப்பட்டவை’, ‘எதிர்காலத்திலிருந்து வந்தவை போன்றவை’, ‘டிட்டோ கட்டளையிட்டுக் கட்டியவை’. பட்டியல் பரவப் பரவ அடைப்புக்குறிக்குள் இருந்த ஊர்ப்பெயரும் உதிர்ந்தது. எண் மட்டும் மிஞ்சியது. சில இடங்களில் அதுவும் இல்லை.

‘ஸ்போமெனிக்’ என்பதே வேடிக்கையான சொல்லாகிவிட்டது. ஆங்கில இணையத்தில் அது ஏதோ ஒரு தனி ஜாதிக் கட்டடத்தின் பெயர்போலப் புழங்குகிறது. அந்த மொழிக்காரர்களுக்கு அது வெறும் ‘நினைவுச்சின்னம்’. முச்சந்தியில் நிற்கும் கவிஞரின் மார்பளவுச் சிலையும் ஸ்போமெனிக்தான். ‘ஸ்போமென்’ என்றால் நினைவு. நம் சொல்லைப் போலவே அதற்குள்ளும் நினைவு உட்கார்ந்திருக்கிறது. வேற்றுமொழிக்குப் போனதும் நினைவு கழன்று, கான்கிரீட் மட்டும் மிஞ்சிவிட்டது.

இந்தப் பட்டியல்களின் பிழைகளைப் பலர் எடுத்துச் சொல்லிவிட்டார்கள். பெரும்பாலான சின்னங்கள் டிட்டோ விரல் நீட்டி உத்தரவிட்டவை அல்ல. உள்ளூர்க் குழுக்களும் முன்னாள் போராளிச் சங்கங்களும் முன்னெடுத்து, பல இடங்களில் வடிவமைப்புப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தவை. பல கைவிடப்படவும் இல்லை. இன்றும் ஆண்டுதோறும் மாலை வைக்கிறார்கள். இதெல்லாம் சரி. ஆனால் இதைச் சொல்லி முடித்ததும் ஒரு சௌகரியமான தீர்ப்பு வந்து விழுகிறது: ‘மேற்கத்தியப் பயணி வந்தான், வரலாற்றைக் கழற்றினான், படத்தை எடுத்துக்கொண்டு போனான்.’ இந்தத் தீர்ப்பில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கழற்றும் வேலையை அந்தப் படம் மட்டும் செய்யவில்லை என்றுதான் தோன்றுகிறது.

அதற்கு முன் படத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

*

கெம்பெனேர்ஸின் படங்களில் பெரும்பாலும் வெயில் இல்லை. மேகம் மூடிய நாளாகப் பார்த்து எடுத்திருக்கிறார். சில படங்களில் மூடுபனி. வெயில் இல்லையென்றால் நிழல் இல்லை. நிழல் இல்லையென்றால் என்ன மணி என்று தெரியாது. மணி தெரியாத படத்துக்குக் காலமும் தெரியாமல் போகிறது. இது காலையா மாலையா என்ற சின்னக் கேள்வி தொலைந்ததுமே, இது 1966-ஆ 2066-ஆ என்ற பெரிய கேள்வியும் கூடவே தொலைகிறது. ‘எதிர்காலத்திலிருந்து வந்தது’ என்று எழுதியவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. வானம் அப்படி எழுதச் சொல்கிறது.

ஆளும் இல்லை. ஆள் இல்லாததால் அளவு தெரிவதில்லை. யாஸெனோவாட்ஸ் பூ சுமார் 24 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட ஏழு எட்டு மாடி. படத்தில் அதை மேஜைமேல் வைக்கிற பொருள் என்றாலும் நம்பலாம். கீழே ஒரு கிழவி குடையோடு நின்றிருந்தால் போதும், மொத்தப் படமும் வேறாகியிருக்கும். பூ சட்டென்று வளர்ந்திருக்கும். ‘இந்தக் கிழவி ஏன் இங்கே வந்தாள்?’ என்று நாமும் கேட்டிருப்போம்.

இந்த வெயிலில்லாத, ஆளில்லாத, நேர்முகமான பார்வை கெம்பெனேர்ஸ் கண்டுபிடித்தது இல்லை. ஜெர்மனியின் பெர்ண்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதியர் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் பல பத்தாண்டுகள் இப்படித்தான் எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெளிச்சத்தில், ஒரே மாதிரிக் கோணத்தில் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வடிவங்களின் ஒற்றுமை வேற்றுமை தெரியும். தண்ணீர்த் தொட்டிக்கு அது சரி. தண்ணீர்த் தொட்டிக்குத் தன்னைப் பற்றிச் சொல்லச் சேதி ஒன்றும் இல்லை. அதே முறையை ஒரு வதைமுகாமின் நினைவிடத்துக்குப் போட்டால் என்ன ஆகிறது? அதுவும் ஒரு ‘வகை’ ஆகிறது. போட்காரிச் மலைமேல் றெக்கை விரித்த கான்கிரீட், டியெண்டிஷ்டே பள்ளத்தாக்கின் இரண்டு பிளந்த பாறைகள், யாஸெனோவாட்ஸின் பூ. எல்லாம் ஒரே தொகுப்பின் உருப்படிகள்.

ஆனால் இவற்றின் கதைகள் ஒரே தொகுப்பில் அடங்குபவை இல்லை. டியெண்டிஷ்டேயில் நடந்தது சண்டை. 1943-இல் சுத்யெஸ்கா ஆற்றங்கரையில் ஜெர்மானிய முற்றுகையை உடைத்துக்கொண்டு பார்ட்டிசான்கள் வெளியேறினார்கள். ஆயுதம் ஏந்தியவர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். மியோத்ராக் ஷிவ்கோவிச் 1971-இல் அங்கே எழுப்பியது வெற்றிச் சின்னம். யாஸெனோவாட்ஸில் சண்டை ஏதும் இல்லை.

*

யாஸெனோவாட்ஸ் குரோஷியாவில், சாவா ஆற்றங்கரையில் இருக்கிறது. ஹிட்லரின் ஆதரவோடு 1941-இல் குரோஷியாவை ஆளவந்த உஸ்தாஷா அமைப்பு அங்கே வதைமுகாம்களை அமைத்தது. முக்கிய முகாம் ஒரு செங்கல் தொழிற்சாலை. கொன்றவை பெரும்பாலும் கத்தியும் சம்மட்டியும். ஆற்றுக்கு அக்கரையில், இன்று பொஸ்னியாவில் இருக்கும் கிராதினாவில், பெரும் புதைகுழிகள் இருக்கின்றன. எண்ணிக்கை பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. யூகோஸ்லாவிய அரசு பல ஆண்டுகள் 7 லட்சம் என்றது. நினைவிட அருங்காட்சியகம் பெயர் பெயராகச் சேர்த்த பட்டியலில் 83,145 பேர் இருக்கிறார்கள். செர்பியர்கள் 47,627. ரோமா மக்கள் 16,173. யூதர்கள் 13,116. குரோஷியர்கள் 4,255. மற்றவர்கள் மீதி. இவர்களில் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 20,101.

1945 ஏப்ரல் 22 அன்று மிச்சமிருந்த கைதிகளில் சுமார் 600 பேர் கதவை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் 100 பேருக்கும் குறைவு. ஓடுவதற்கு முன் உஸ்தாஷா தடயங்களை அழிக்கக் கட்டடங்களைத் தகர்த்தது. மிச்சமிருந்த செங்கலையும் போர் முடிந்தபின் சுற்றுவட்டாரத்தார் வீடு கட்ட எடுத்துப்போனார்கள். கொலைக்களத்தின் செங்கல் எத்தனை வீட்டுச் சமையலறைச் சுவரில் இருக்கிறதோ. ஆக, 1960-களில் ஒரு நினைவிடம் கட்டலாம் என்று வந்தபோது அங்கே காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. புல் மட்டும்தான்.

அந்த வேலை போக்தான் போக்தானோவிச்சிடம் வந்தது. பெல்கிரேட்காரர், கட்டடக்கலைஞர், சர்ரியலிசத்தில் ஊறியவர், போரில் பார்ட்டிசானாகச் சண்டையிட்டுக் கடுமையாகக் காயம்பட்டவர். அவர் அங்கே கொடூரத்தைக் காட்டக்கூடாது என்று முடிவுசெய்தார். முள்வேலி இல்லை, எலும்புக்கூடு இல்லை, சங்கிலியை முறிக்கும் வீரன் இல்லை. கட்டடங்கள் இருந்த இடங்களில் மண்ணை மேடாகவும் பள்ளமாகவும் ஆக்கினார். பழைய ரயில்பாதையின் ஸ்லீப்பர் கட்டைகளால் ஒரு நடைபாதை போட்டார். பாதை முடியும் இடத்தில் பூ. 1966-இல் திறந்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் வெறுப்பு இங்கே அறுபடட்டும் என்பதற்காகத்தான் பூ என்று பின்னாளில் விளக்கினார்.

இந்த ஸ்லீப்பர் கட்டைகளை நான் வெகுநாள் யோசித்துக்கொண்டிருந்தேன். கைதிகள் ரயிலில் வந்தார்கள். பார்வையாளர் அதே கட்டைகளின் மேல் நடந்து பூவை அடைய வேண்டும். அதாவது, பூ என்பது தொலைவிலிருந்து பார்ப்பதற்கான பொருளாக மட்டும் யோசிக்கப்படவில்லை. மேடுகளையும் பள்ளங்களையும் தாண்டி, காலடியில் கட்டை தட்டத் தட்ட, மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்து, கடைசியில் தலைக்குமேல் திறக்கும் ஒன்று. நடைதான் அந்தப் படைப்பு. பூ அதன் கடைசி வரி.

வெளியே பரவிய படங்கள் கடைசி வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டன. கவிதையில் கடைசி வரியை மட்டும் ஸ்டேட்டஸாக வைப்போமே, அந்த மாதிரி.

*

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன்.

ஏன் பூ? ஏன் றெக்கை, ஏன் பாறை, ஏன் இந்த வடிவங்களில் பல யாரையும் எதையும் போல இல்லை? கலை வரலாற்றில் இதற்கு வழக்கமான பதில் உண்டு. 1948-இல் டிட்டோ ஸ்டாலினோடு முறித்துக்கொண்டார். சோவியத் பாணிச் சோசலிச யதார்த்தவாதம், அதாவது கதிர் அரிவாளோடு மார்பை நிமிர்த்தி நிற்கும் தொழிலாளி, யூகோஸ்லாவியாவில் மெல்லச் செல்லாக்காசானது. மேற்கின் நவீனத்துவம் உள்ளே வந்தது. அரூபம் என்பது ‘நாங்கள் மாஸ்கோவும் இல்லை’ என்று சொல்லும் வழியானது.

சரிதான். ஆனால் பாதிதான் சரி. இன்னொரு காரணம் உள்ளே கிடக்கிறது. இரண்டாம் உலகப்போரில் யூகோஸ்லாவியாவில் செத்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர். அவர்களில் பெரும் பகுதியினரைக் கொன்றது பக்கத்து ஊர்க்காரன். உஸ்தாஷா செர்பியர்களைக் கொன்றது, செட்னிக்குகள் முஸ்லிம்களையும் குரோஷியர்களையும் கொன்றார்கள், போர் முடியும் தறுவாயில் பார்ட்டிசான்கள் சரணடைந்தவர்களைக் கொன்றார்கள். போர் முடிந்தது. கொன்றவனின் மகனும் செத்தவனின் மகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டும். புதிய அரசின் மந்திரம் ‘சகோதரத்துவமும் ஒற்றுமையும்’. இந்த நிலையில் ஒரு சிலை வை என்றால் என்ன முகம் செதுக்குவாய்? எந்தச் சீருடை போடுவாய்? கல்லறையில் எந்தச் சிலுவை, கத்தோலிக்கச் சிலுவையா ஆர்த்தடாக்ஸ் சிலுவையா, இல்லை பிறையா? முகம் வைத்தால் இனம் வந்துவிடும். ஆகவே பூ.

எழுத்திலும் அதே ஏற்பாடு. ‘பாசிசத்துக்குப் பலியானவர்கள்’ என்பது அந்தக் காலக் கல்வெட்டுகளின் நிரந்தர வாசகம். யார் யாரைக் கொன்றார்கள் என்பதை ஒரே சொல்லில் மூடிவைக்கும் போர்வை. பாசிசம் கொன்றது. பெயரில்லாத, ஊரில்லாத பாசிசம்.

நான் இதைக் கேலி செய்யவில்லை. அந்த மௌனத்தில் ஒரு கருணை இருந்தது. எல்லோரும் சேர்ந்து வாழ்ந்தாக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து வந்த கருணை. அந்த மௌனம் வேலை செய்ததற்கு ஒரு நிபந்தனையும் இருந்தது: கல் பேசாது, வருகிறவர்கள் பேசுவார்கள். அந்தக் காலத்து அஞ்சலட்டைகளையும் குழுப் படங்களையும் தேடிப் பார்த்தால் இது புரியும். நீலத் தொப்பி, கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய பள்ளிப் பிள்ளைகள், பஸ், ஐஸ்கிரீம், படிக்கட்டில் உட்கார்ந்து கூசும் வெயிலில் கண்ணைச் சுருக்கும் ஆசிரியை. வீட்டுக்குப் போனதும் பாட்டி, யாருக்கும் கேட்காத குரலில், உண்மையில் யார் என்ன செய்தார்கள் என்று சொல்லியிருப்பாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பாட்டி, ஒவ்வொரு கதை. மேடையில் பூ, அடுப்படியில் பெயர்கள். இரண்டும் சேர்ந்துதான் அந்த நினைவு.

1990-களில் அடுப்படி தெருவுக்கு வந்துவிட்டது.

ஆகவே ‘புகைப்படக்காரர் வரலாற்றை அகற்றிவிட்டார்’ என்ற குற்றச்சாட்டைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். அகற்றும் வேலையைச் சின்னங்களே தொடங்கி வைத்திருந்தன. இனத்தை அகற்றின, கொலையாளியின் முகவரியை அகற்றின, மனித உருவத்தை அகற்றின. கெம்பெனேர்ஸ் கடைசியாக மிச்சமிருந்த ஒன்றை, பார்க்க வந்த ஆட்களை, அகற்றினார். அவர் அவற்றுக்கு எதிராகப் போகவில்லை, அவற்றின் போக்கிலேயே இன்னும் ஒரு படி போனார். அந்த ஒரு படிதான் எல்லை தாண்டிய படி. ஏனென்றால் மற்ற எல்லா மௌனமும் அந்த ஆட்களை நம்பித்தான் வைக்கப்பட்டிருந்தது.

*

நூலைச் சுற்றி எழுதப்பட்டவற்றில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு நினைவுச்சின்னம் தன் பழைய அர்த்தத்தை விட்டு விலகி, வெறும் சிற்பமாக, தன்னளவில் நிற்கும் கலைப்படைப்பாக ஆக முடியுமா? அழகான கேள்வி. வகுப்பில் கேட்டால் ஒரு மணி நேரம் ஓடும். ஆனால் அந்த ஊரில் இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே பதில் வந்துவிட்டது, வெடிமருந்தில்.

வோயின் பாகிச் என்று ஒரு சிற்பி. குரோஷியாவில் பிறந்த செர்பியர். அவருடைய சகோதரர்களை உஸ்தாஷா கொன்றது. அவர் மனித உருவத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல உருவத்தை விட்டு, ஒளியைத் திருப்பியடிக்கும் உலோகத்துக்கு வந்தவர். 1968-இல் கமென்ஸ்கா என்ற ஊரின் மேட்டில் ஸ்லவோனியா மக்களின் வெற்றிக்காக, எஃகுத் தகடுகளால் ஆன மாபெரும் வடிவம் ஒன்றை எழுப்பினார். முப்பது மீட்டர் உயரம். வெயில் பட்டால் வெள்ளிச் சுடர்போல எழும். அதில் முகம் இல்லை, கொடி இல்லை, செர்பியன் என்றோ குரோஷியன் என்றோ ஒரு எழுத்து இல்லை. உலகத்தின் எந்த நவீன ஓவியக்கூடத்தின் வாசலிலும் வைக்கலாம். 1992-இல் குரோஷியப் படையினர் அதற்கு வெடிவைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பாகிச் இறந்தார்.

வெடிவைத்தவர்களுக்கு அது அரூபமாகத் தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் அதைத் தெளிவாக வாசித்தார்கள். யார் வைத்தது, எதற்கு வைத்தது, அது இங்கே நிற்பதால் யாருடைய கதை நிற்கிறது, எல்லாம் தெரிந்துதான் திரி வைத்தார்கள். ஒரு சிற்பத்துக்கு இதைவிடக் கவனமான, இதைவிட மோசமான வாசகர்கள் கிடைக்கமாட்டார்கள். நாமோ கைபேசியில் அதன் தம்பிகளைப் பார்த்து ‘ஏலியன்’ என்கிறோம். வெடிவைத்தவன் புரிந்துகொண்ட அளவுக்குக்கூட லைக் போட்டவன் புரிந்துகொள்ளவில்லை. இதை எழுதும்போது எனக்கே கூசுகிறது.

கமென்ஸ்கா தனி ஒன்று இல்லை. 1990-க்கும் 2000-க்கும் இடையில் குரோஷியாவில் மட்டும் சுமார் 3000 சின்னங்கள் உடைக்கப்பட்டன அல்லது அகற்றப்பட்டன என்று பாசிச எதிர்ப்புப் போராளிகளின் சங்கம் கணக்கெடுத்தது. அவற்றில் பெரும்பாலானவை நம் வால்பேப்பருக்கு ஆகாதவை. பள்ளிச் சுவரில் ஒரு பலகை, பஞ்சாயத்து வாசலில் ஒரு மார்பளவுச் சிலை, பெயர் வரிசை. கெம்பெனேர்ஸின் பயணத்தில் மாட்டியவை மிஞ்சியவற்றிலும் பிரம்மாண்டமானவை மட்டும். பாகிச்சின் இன்னொரு பெரிய படைப்பு, 1981-இல் முடிந்த பெட்ரோவா கோரா, அந்த நூலில் இருக்கிறது. அதன் எஃகுத் தகடுகளை ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். உச்சியில் ஒளிபரப்பு ஆன்டெனா. அந்தப் படம் எனக்குப் பிடிக்கும். ஏனென்றால் அங்கே மட்டும் ஆள் வந்துபோன தடம் தெரிகிறது. தகடு தானாக விழுவதில்லை, யாரோ ஏணி வைத்திருக்கிறார்கள்.

மோஸ்தாரில் வேறு கதை. அங்கே போக்தானோவிச் 1965-இல் பார்ட்டிசான்களுக்குக் கட்டிய கல்லறைத் தோட்டத்தில் பெயர்கள் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு கல். செர்பியர், குரோஷியர், முஸ்லிம், யூதர் என்று கலந்து கிடக்கும் கற்கள், எல்லாம் ஒரே ஜாடை, மதக்குறி எதுவும் இல்லை. 2022 ஜூனில் ஒரே இரவில் அந்தப் பெயர்க்கற்களைக் கிட்டத்தட்ட முழுவதுமாகப் போட்டு உடைத்தார்கள். சுமார் 700 கற்கள். பெயர் இல்லாமல் வைத்தாலும் வெடி, பெயரோடு வைத்தாலும் சம்மட்டி. அரூபம் யாரையும் காப்பாற்றவில்லை.

போக்தானோவிச்சையும் காப்பாற்றவில்லை. 1982 முதல் 86 வரை பெல்கிரேட் மேயராக இருந்தவர், மிலோஷெவிச்சின் தேசியவாதத்தை வெளிப்படையாக எதிர்த்தார். வாழ்வது முடியாமல்போய் 1993-இல் வியன்னாவுக்குப் போனார். 2010-இல் அங்கேயே இறந்தார், கெம்பெனேர்ஸின் நூல் வெளிவந்த அதே ஆண்டு. அஸ்தியைப் பெல்கிரேட்டின் யூதக் கல்லறைத் தோட்டத்தில் வைத்தார்கள். 1952-இல் அவர் கட்டிய முதல் நினைவுச்சின்னம் அங்கேதான் இருக்கிறது. அவர் யூதர் இல்லை.

*

கெம்பெனேர்ஸுக்கு நியாயமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அவர் போகாமல் இருந்திருந்தால் வெளியுலகில் இத்தனை பேருக்கு இவை தெரிந்திருக்காது. அந்தப் படங்களால் உசுப்பப்பட்டவர்கள் ஒவ்வொரு சின்னத்துக்கும் ஊர், ஆண்டு, சிற்பி, கல்வெட்டு என்று தேடித் தொகுத்தார்கள். 2018-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் யூகோஸ்லாவியக் கட்டடக்கலைக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் படங்கள் இல்லையென்றால் யாஸெனோவாட்ஸ் என்ற ஊரை நான் தேடியிருப்பேனா? மாட்டேன். தவறான தலைப்போடு வந்த படம்தான் சரியான ஊருக்கு என்னைக் கூட்டிப்போனது.

ஐஸ்லாந்து இசையமைப்பாளர் யோஹான் யோஹான்சன் இயக்கி, அவர் இறந்தபின் 2020-இல் திரையிடப்பட்ட ‘லாஸ்ட் அண்ட் ஃபர்ஸ்ட் மென்’ படமும் இதே சின்னங்களைத்தான் காட்டுகிறது. கறுப்பு வெள்ளை, மூடுபனி, ஆள் இல்லை. மேலே டில்டா ஸ்விண்டனின் குரல், பல கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய மனிதர்கள் நம்மோடு பேசுவதாக. அதில் எனக்கு உறுத்தல் இல்லை. அது ‘நான் கனவு காண்கிறேன்’ என்று முதல் நிமிடமே சொல்லிவிடுகிறது. எண்ணும் ஊர்ப்பெயரும் போட்ட புகைப்படம் ‘நான் பதிவு செய்கிறேன்’ என்ற தொனியில் வருகிறது. வித்தியாசம் தொனியில்தான்.

இன்னொரு பக்கம், ஒரு ஆஸ்திரேலியக் குளிர்கண்ணாடி நிறுவனம் இந்தச் சின்னங்களின் முன்னால் மாடலை நிறுத்தி விளம்பரம் எடுத்தது. யாஸெனோவாட்ஸ் பூவும் அதில் இருந்தது. எதிர்ப்பு வந்தது, விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். அவர்கள் தெரிந்தே செய்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. சித்தி பையனுக்குத் தெரியாத மாதிரிதான் அவர்களுக்கும் தெரிந்திருக்காது.

‘கைவிடப்பட்டது’ என்ற சொல் யாஸெனோவாட்ஸுக்கு ஒருபோதும் பொருந்தாது. 1991 போரில் அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. சேகரிப்புகள் எல்லை தாண்டி, கைமாறி, அமெரிக்கா வரை போய் 2001-இல் திரும்பி வந்தன. 2006-இல் புதிய காட்சிக்கூடம் திறந்தார்கள். உள்ளே கூரையிலிருந்து தொங்கும் கண்ணாடிப் பலகைகளில் பெயர்கள், பெயர்கள். வெளியே பூ பேசாததை உள்ளே கண்ணாடி பேசுகிறது. கெம்பெனேர்ஸ் அந்த நிலத்தில் அலைந்த ஆண்டுகளும் அவையே.

அதன்பிறகும் ஓயவில்லை. 2016 இறுதியில் யாஸெனோவாட்ஸ் ஊருக்குள்ளேயே, 90-களின் போரில் இறந்த சிலருக்கான பலகையில், உஸ்தாஷாவின் பழைய முழக்கத்தைப் பொறித்து வைத்தார்கள். பெரிய சண்டை வந்து, அடுத்த ஆண்டு பலகையை வேறு ஊருக்கு மாற்றினார்கள். 2016-இலிருந்து சில ஆண்டுகள் யூத அமைப்புகளும் செர்பிய அமைப்புகளும் அரசின் ஏப்ரல் அஞ்சலியைப் புறக்கணித்து, தனித்தனி நாளில் வந்து மாலை வைத்துவிட்டுப் போனார்கள். அந்த ஸ்லீப்பர் பாதையில் அவரவர் நாளில் அவரவர் நடந்தார்கள். ஒரே பூ.

*

போன வாரம் சித்தி பையனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனில்தான். குறுக்கே பேசாமல் கேட்டான். 20,101 என்ற எண் வந்தபோது மட்டும், “என்னண்ணா சொல்றீங்க?” என்றான்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான். “அப்போ இந்தப் படத்த வெச்சுக்கலாமா, எடுத்துறவா?”

“வெச்சுக்கோ. அவர் பூவா வெச்சதே பாக்கறதுக்குத்தானே. ஊர் பேர மட்டும் தெரிஞ்சு வெச்சுக்கோ.”

“ஊர் பேரு எப்டி சொல்றது? வாய்ல வரல.”

“யாஸெனோவாட்ஸ்.”

“யாஸெ...”

“நோவாட்ஸ்.”

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். இரண்டாவது தடவை சரியாக வந்தது.